உங்களுக்குத் தெரியுமா? கிறுக்கலே இணையதளமாக ஓடும்!
இணையதளத்தைக் கட்டுமுன் வடிவமைப்பாளர்கள் பலரும் காகிதத்தில்தான் கிறுக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கிறுக்கலையே கணினித் திரைக்குக் கொண்டுவந்தது ‘டெனிம்’ என்ற மென்பொருள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லேண்டே குழுவினர் இதை உருவாக்கி, 2000-இல் அறிமுகப்படுத்தினார்கள். மின்பேனாவால் பக்கங்களை வரைந்து, ஒரு சொல்லிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அம்புக்குறி இழுத்தால் போதும், இணைப்பு தயார். ஓட்டிப் பார்க்கையில் நம் கையெழுத்தையே சொடுக்கலாம், பக்கம் மாறும்! காட்சியைச் சுருக்கினால் முழுத் தளத்தின் வரைபடம்; பெரிதாக்கினால் ஒரே பக்கம்.

கோணல் கோடுகளை நிமிர்த்தாமல் அப்படியே விட்டதுதான் கெட்டிக்காரத்தனம். பளபளப்பாகக் காட்டினால், பார்ப்பவர் அமைப்பை விட்டுவிட்டு நிறத்தையும் எழுத்துருவையும் பிடித்துக்கொள்வார் (வாடிக்கையாளர்களைத் தெரியாதா!). 2008-இல் வந்த ‘பால்சமிக்’ என்ற திரை வடிவமைப்புக் கருவியும் வேண்டுமென்றே கைக்கிறுக்கல் தோற்றத்தையே வைத்துக்கொண்டது.