ஆள் சேர்க்கும் வெகுமதியும் பாங்கு விதிகளும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளரும், பூப் பயிரிடும் குடியானவரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் இன்று பாங்குக் கணக்கு உடையவர்களே. இவர்களுடைய கைபேசிக்கே, “ஒருவரைச் சேர்த்துவிடுங்கள், உங்களுக்கு இவ்வளவு ரூபாய்” என்னும் அழைப்பு வருகிறது. ஊரில் மதிப்புடைய ஒருவர் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் இங்கு விலை பேசப்படுகிறது. ஆகவே, இதனைப் பற்றிய விதிகளை நம் மக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பாங்குகள் வைப்புப் பணம் திரட்டித் தருவதற்காக எவருக்கும் தரகோ ஊக்கத்தொகையோ எவ்வடிவிலும் கொடுத்தலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2016 மார்ச் 3இல் வெளியிட்ட கட்டளைகள் கூறின. வீடு வீடாகச் சென்று சிறுதொகை வசூலிக்கும் முகவர், ஒப்பந்தத்தின்பேரில் பாங்கு அமர்த்திய விற்பனை முகவர், வணிகத் தொடர்பாளர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. குலுக்கல் பரிசு, இலவசப் பயணம் முதலிய ஆசை காட்டுதலும் தடுக்கப்பட்டது. பணம் வைப்பவருக்கு 250 ரூபாய்க்கு மேற்படாத சிறு அன்பளிப்புக் கொடுக்கலாம், அவ்வளவே. எனவே, “உங்கள் தெருவில் வைப்புத் திரட்டினால் நூற்றுக்கு இவ்வளவு” என்று ஒருவர் கூறினால், அவருடைய நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கிளை மேலாளரிடமும் விசாரிக்கலாம்.

கடன் அட்டைக்கும் பணப் பரிமாற்றச் செயலிக்கும் ஆள் சேர்ப்பது வேறு வகை. அங்கே வெகுமதியின் நிபந்தனைகளை எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும் தொகை வருமானமாதலால் வரிக் கணக்கிலும் சேரும்.

வெகுமதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நிறுவனம் தன் விளம்பரச் செலவிலிருந்து கொடுப்பது ஒன்று. புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுப்பது மற்றொன்று. பின்னதைப் பணச் சுழற்சித் திட்டம் என்று 1978ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது. நடத்துபவர் மட்டுமன்றி, அதில் ஆள் சேர்ப்பவரும் தண்டனைக்கு உரியவரே. கணக்கும் ஒத்து வராது. ஒருவர் ஐவரைச் சேர்த்து, அந்த ஐவரும் தலைக்கு ஐவரைச் சேர்த்துக்கொண்டே போனால், ஏழாம் படியில் மட்டும் 78,125 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி சங்கரன்கோவில் நகரின் மக்கள்தொகையோ 60 ஆயிரத்துக்கும் குறைவு. ஆடித்தபசுக்கு வரும் வெளியூராரையும் பிடித்து நிறுத்தினால்தான் அந்தப் படி நிரம்பும்!

இதனினும் கொடியது கணக்கையே வாடகைக்கு விடுவது. “உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, ஏ.டி.எம். அட்டையையும் சிம் அட்டையையும் எங்களிடம் கொடுங்கள், நண்பர்களையும் அழைத்து வாருங்கள்” என்று சில ஆயிரம் ரூபாய் நீட்டுவோர் உண்டு. வேலை தேடும் இளைஞர்களே இதில் பெரிதும் சிக்குகிறார்கள். எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடி மறைகிறது. காவல் துறையினர் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரை. கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய கூலியும் அரசு உதவித்தொகையும் அதிலேயே நின்றுவிடும். அறிந்தே துணைநின்றவர் மீது முறைகேடான பணப் பரிமாற்றத் தடைச் சட்டமும், 2002ஆம் ஆண்டினது, பாயக்கூடும். அழைத்துச் சென்ற நண்பரும் விசாரணைக்குத் தப்புவதில்லை.

முறையான பரிந்துரையிலும் ஓர் எல்லை உண்டு. பிறருடைய ஆதார் நகலையும் பான் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்வதும், அவருக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்பதும் பரிந்துரைப்பவர் வேலையாகா. உரியவரே கிளைக்குச் சென்று கையொப்பமிடட்டும். 2014 ஆகஸ்டு 28இல் தொடங்கப்பெற்ற ஜன்தன் திட்டத்தில் குறைந்தபட்ச இருப்பு இன்றியே கணக்குத் திறக்கலாம். அதற்கு இடையாள் எவரும் வேண்டியதில்லை.

கணக்கை ஏற்கெனவே பிறரிடம் கொடுத்துவிட்டவர் தாமதியாமல் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அட்டையை நிறுத்தச் செய்தல் வேண்டும். பாங்கின் மீது குறை இருந்து, கிளையில் தீராவிடில், ரிசர்வ் பாங்கின் 14448 என்னும் எண்ணில் விவரம் கேட்கலாம். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடும்.