'இடமில்லை' என்று பதில் வந்தால் முடிந்து போயிற்றா?

தோட்டப்புறத்துப் பெற்றோர்களே! ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்குத் தங்கிப் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று பதில் வந்ததும் நம்மவரில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். "நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறான்" என்று சொல்லிக் கைப்பேசியை மூடிவிட்டு, மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். பிள்ளையும் ஒரு நாள் அழுதுவிட்டு அடங்கிப் போகும். அந்தப் பதிலுக்கு மேல் ஒரு படி இருக்கிறது, அதற்கு மேல்முறையீடு என்று பெயர், மலாயில் ராயுவான் என்பார்கள் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்த சிலருக்கும் நாள் கடந்த பிறகுதான் தெரிகிறது. இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில், எந்தப் பள்ளிகள் என்று தெளிவுபடுத்திக் கொள்வோம். கல்வி அமைச்சின் கீழ் உள்ள முழுத் தங்கும் வசதிப் பள்ளிகள் ஒரு வகை. எஸ்.பி.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மாரா நடத்தும் அறிவியல் இளநிலைக் கல்லூரிகள், அதாவது எம்.ஆர்.எஸ்.எம்., இன்னொரு வகை. இரண்டும் எங்கோ எட்டாத தூரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். கோல சிலாங்கூரில் ஓர் அறிவியல் தங்கும் பள்ளி இருக்கிறது. உலு சிலாங்கூரில் ஒன்று, ரவாங்கில் ஒன்று, சபாக் பெர்ணத்தில் ஒன்று. கோல குபு பாருவில் மாரா கல்லூரி. இந்த ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போது வாசகர்களுக்கு என்ன நினைவு வருகிறது? அத்தனையும் நம்மவர்கள் பால் வெட்டிய, செம்பனைக் குலை தள்ளிய ஊர்கள். பள்ளியின் வேலிக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நாம் இருந்திருக்கிறோம். உள்ளே இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. இந்தப் பள்ளிகளின் பிறப்பே அப்படி. 1905-இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி தொடங்கப்பட்டது மலாய்ப் பிரபுக்களின் பிள்ளைகளை அரசாங்க உத்தியோகத்துக்குத் தயார் செய்வதற்காக. மாராவின் முதல் கல்லூரி 1972-இல் சிரம்பானில் திறக்கப்பட்டது புதிய பொருளாதாரக் கொள்கையின் பலனாக. பூமிபுத்ரா அல்லாத பிள்ளைகளுக்கு மாரா கல்லூரிகளில் 10 விழுக்காடு இடம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது 2002-இல்தான். ஆக, வாசல் சிறியது என்பது மெய். ஆனால் சிறிய வாசலிலும் நுழைய முயலாமல் வெளியிலேயே நின்று, "வாசல் சிறியது" என்று சொல்லிக் கொண்டிருப்பது வேறு சங்கதி.

நம் மூத்தோர் இதைவிடக் கடுமையான வாசலைப் பார்த்தவர்கள். 1964 வரைக்கும் இந்த நாட்டில் ஆரம்பப்பள்ளி முடித்தவன் இடைநிலைப்பள்ளிக்குள் போகவே ஒரு நுழைவுச் சோதனை இருந்தது. அதில் தேறாதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தோட்டத்தில் அவனுக்குக் காத்திருந்தது புல்வெட்டும் வேலை. 1965-இல்தான் எல்லாப் பிள்ளைகளும் தாமாகவே படிவம் 1-க்குப் போகலாம் என்று ஆயிற்று. அன்று "ஃபெயில்" என்ற ஒரு சொல் ஒரு பையனின் வாழ்க்கையையே தீர்த்து வைத்தது. அந்தப் பழைய பயம்தான் இன்னும் நம் ரத்தத்தில் இருந்துகொண்டு, "இல்லைன்னா இல்லைதான்" என்று சொல்ல வைக்கிறதோ என்று நமக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு ஞாயிறு

சில ஆண்டுகளுக்கு முன் மஸ்ஜித் இந்தியாவில் நாம் கண்டதைச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புடவைக் கடை, நகைக்கடை, பூமாலை, பிரியாணி வாசம், தள்ளுமுள்ளு. 1863-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் அந்தத் தெருவுக்குத் தோட்டத்து மக்கள் துணிமணி வாங்க மட்டும் வருவதில்லை. போட்டோ பிடிக்க, பாரம் நிரப்ப, கடுதாசி எழுதிக்கொள்ளவும் வருவார்கள். ஒரு போட்டோஸ்டாட் கடையில் காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் மகளின் மதிப்பெண் தாள்கள், பிறப்புப் பத்திரம், போட்டி விளையாட்டில் வாங்கிய சான்றிதழ், எல்லாம் அழகாக அடுக்கியிருந்தார்.

"என்னங்க அண்ணே, எதுக்கு இவ்வளவு காப்பி?" என்று கேட்டோம்.

"பாப்பாவுக்கு ஆஸ்ராமா ஸ்கூல் கிடைக்கலீங்க. ஒருத்தர் மேலிடத்துல சொல்லி லெட்டர் வாங்கித் தர்றேன்னாரு. முந்நூறு வெள்ளி குடுத்திருக்கேன். காப்பி எல்லாம் கொண்டாரச் சொன்னாரு."

"இணையத்துல ராயுவான் போட்டீங்களா?"

"அது அவரு பாத்துக்குவாருங்க."

கடைப் பையன் நல்லவன். தன் கைப்பேசியிலேயே பார்த்துச் சொன்னான்: "அண்ணே, ராயுவான் முடிஞ்சு நாலு நாளாச்சு." அந்தத் தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. தாள்களைத் திரும்பப் பையில் வைத்தார். எடுத்த நகலுக்குக் காசு கொடுத்தார். பையன் வாங்க மறுத்தான். அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வந்தவர் ஏமாந்தது முந்நூறு வெள்ளியில் மட்டுமல்ல. அந்த நாலு நாளில்தான் ஏமாந்தார்.

மேல்முறையீட்டைப் பற்றி நாம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான். அது கெஞ்சலும் அல்ல, சிபாரிசும் அல்ல. கால அளவு குறித்த ஒரு மனு. முடிவு வெளியான பிறகு சில நாட்கள்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் போன வருஷத்துத் தேதியை நம்பக் கூடாது. எஸ்.பி.பி.க்கானது கல்வி அமைச்சின் இணையப் பக்கத்தில், எம்.ஆர்.எஸ்.எம்.முக்கானது மாராவின் பக்கத்தில். இரண்டும் தனித்தனி, ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்குச் சேராது. இதற்காகப் புத்ராஜெயாவுக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போக வேண்டியதில்லை, தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. பிள்ளையின் அடையாள எண்ணும், முதலில் விண்ணப்பித்தபோது வைத்த மறைச்சொல்லும் கையில் இருந்தால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கால் மணி நேரத்தில் முடித்துத் தருவார்.

இடம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்து கொள்ளுங்கள். முதல் பட்டியலில் இடம் கிடைத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேருவதில்லை. ஒருவனுக்கே எஸ்.பி.பி.யிலும் எம்.ஆர்.எஸ்.எம்.மிலும் கிடைத்திருக்கும்; ஒன்றை விடுவான். வீட்டை விட்டுப் பிரிய மாட்டேன் என்று இன்னொரு பிள்ளை அழும். பதிவு நாளுக்குப் பிறகு இப்படிக் காலியாகும் இடங்களுக்குத்தான் மேல்முறையீட்டிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். ஆதலால் ஒரே பள்ளியைப் பிடித்துக் கொண்டு நிற்பவரைவிட, எங்கே கிடைத்தாலும் போகச் சம்மதிப்பவருக்கு வாய்ப்பு கூடுதல் என்பது நம் எண்ணம்.

இங்கிலாந்தில் இந்தச் சங்கதி வேறு மாதிரி. அங்கே தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் ஸ்கூல்களில் இடம் மறுக்கப்பட்டால், பள்ளியைச் சாராத குறைந்தது 3 பேர் கொண்ட குழுவின் முன் பெற்றோர் நேரில் போய் உட்கார்ந்து பேசச் சட்டம் உரிமை கொடுக்கிறது. பள்ளி தன் பக்கத்தைச் சொல்லும். தாய் தகப்பன் தம் பக்கத்தைச் சொல்வார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு குழு முன் போய் நிற்கும் வழக்கமில்லை. வரும் முடிவே இறுதி. அதனால் நாம் போடும் தாள்தான் நமக்கு வாய். அதில் என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். "நாங்கள் ஏழைகள், தயவு செய்யுங்கள்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். "பிள்ளை தோட்டப் பள்ளியில் படித்தாள், குடும்ப வருமானம் இவ்வளவு, வீட்டிலிருந்து இடைநிலைப்பள்ளி இத்தனை மைல், பஸ் கிடையாது, மாவட்ட அளவில் இன்ன போட்டியில் இந்த இடம் வாங்கினாள்" என்று எழுதுங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தோட்ட ஆபீஸ் சம்பளச் சீட்டு ஒன்றே வருமானத்தை நிரூபித்துவிடும். கிராணியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

விண்ணப்பிக்காதவனுக்கு மேல்முறையீடு இல்லை

நம் மனத்தை உறுத்துவது இதுதான். மேல்முறையீடு என்பது ஏற்கெனவே விண்ணப்பித்து, நுழைவு மதிப்பீட்டில் உட்கார்ந்த பிள்ளைக்கு மட்டுமே. யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021-இல் அகற்றப்பட்ட பிறகு, 'ஏழு ஏ எடுத்தான், எட்டு ஏ எடுத்தான்' என்று ஊர் பேசுவதும் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் நல்ல தேர்ச்சி வந்தால் தலைமையாசிரியரே கூப்பிட்டுப் பாரத்தைக் கையில் கொடுப்பார். இப்போது பி.கே.எஸ்.கே. என்னும் மதிப்பீட்டுக்குப் பெற்றோர் தாமே முன்வந்து, பிள்ளை ஆறாம் ஆண்டில் இருக்கும்போதே, இணையத்தில் பதிய வேண்டும். மாராவுக்குத் தனியாக ஒரு சோதனை. தோட்டத்தில் எத்தனை பேர் பதிகிறார்கள்? நமக்கு வரும் கடிதங்களில் பாதிப் பேர், "என் பிள்ளை கெட்டிக்காரன், மேல்முறையீடு செய்து தாருங்கள்" என்று எழுதுகிறார்கள். விண்ணப்பித்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை.

ஆகவே ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் இப்போதே விழித்துக் கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் பெயர் எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரமே இல்லாத பிள்ளைகளும் தோட்டங்களில் இருக்கிறார்கள். அது தனிக்கதை, பதிவிலாகாவில் அலைய வேண்டிய கதை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவுக்குக் கூடாரம் போடும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு சனிக்கிழமை மாலை பள்ளிக் கணினி அறையைத் திறந்து வைத்தால் போதும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பதிந்துவிடலாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவன் பேர்போன இடைநிலைப்பள்ளிக்கு எப்படிப் போவான் என்று இன்னமும் கேட்பவர் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்த பையன் ஒருவன் அங்கிருந்து விக்டோரியா இன்ஸ்டிடியூஷனுக்குப் போனான். அவர்தான் 2024 நவம்பரில் காலமான டி. ஆனந்த கிருஷ்ணன். அவர் தோட்டத்துப் பிள்ளையல்லர், டவுன் பிள்ளை. ஆனாலும் படித்தது தமிழ்ப்பள்ளியில்தான்.

இன்னொரு மேல்முறையீடும் இருக்கிறது. தங்கும் பள்ளி வேண்டாம், பக்கத்து டவுனில் இன்ன பள்ளி கிடைத்தால் போதும் என்பவர்கள் மாவட்டக் கல்வி இலாகாவில் பாரம் வாங்கிப் போட வேண்டும். காலி இடம் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். இதில் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வீட்டு முகவரிக்குச் சான்றாகக் கரண்டு பில், தண்ணீர் பில் கேட்பார்கள். பல தோட்டங்களில் லயத்து வீடு கம்பெனியுடையது. பில் நம் பேரில் வராது. "பில் இல்லீங்க" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். தோட்ட நிர்வாகியிடம் 'இந்தக் குடும்பம் இன்ன வீட்டில் குடியிருக்கிறது' என்று முத்திரை வைத்த கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.

தங்கும் பள்ளி கிடைத்தால் சாப்பாடு எப்படி, சாமி கும்பிட முடியுமா என்று தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. பதிவு நாளுக்கு முன்பே விடுதிப் பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு, "பிள்ளை மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாங்க" என்று சொல்லி, என்ன ஏற்பாடு என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கேட்பதில் தப்பில்லை. முன்பு அங்கே படித்த இந்தியப் பிள்ளையின் குடும்பம் யாரேனும் தெரிந்தால் அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

மேல்முறையீட்டுக்குப் பதில் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பள்ளி திறக்கும் முதல் நாளே, கொடுத்திருக்கும் உள்ளூர் இடைநிலைப்பள்ளியில் பிள்ளை போய் உட்கார வேண்டும். புகுமுக வகுப்பு என்று போட்டிருந்தால் அந்த வகுப்பில். அந்த இடத்தையும் விட்டுவிட்டால் இரண்டும் இல்லாமல் போகும். பதில் சாதகமாக வந்தால் அங்கிருந்து மாற்றிக் கொள்ளலாம். பாதகமாக வந்தால் படிவம் 4-இல் இரண்டு வகைப் பள்ளிகளும் மறுபடியும் ஆள் எடுக்கின்றன. அதற்கான விண்ணப்பம் பிள்ளை படிவம் 3-இல் இருக்கும்போதே வந்துவிடும். அதுவரைக்கும் மறைச்சொல்லை அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். சீருடை மட்டும் இப்போதைக்கு ஒரு செட் எடுத்தால் போதும்.