சுவருக்குள் ஓடும் கம்பிக்கு ஒரு காவல்

வீதிக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரம், மீட்டரைக் கடந்து மெயின் சுவிட்சின் வழியாக வீட்டுக்குள் பிரவேசித்ததும், கதவின் பின்புறத்திலோ மாடிப்படியின் அடியிலோ நாம் ஏறெடுத்தும் பாராத ஒரு பெட்டியில் பல கிளைகளாகப் பிரிகிறது. விளக்கும் மின்விசிறியும் ஒரு கிளை; கிரைண்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகுகிற 15 ஆம்பியர் பிளக்குகள் வேறொரு கிளை; கீசருக்கும் ஏ.சி.க்கும் பெரும்பாலும் தனித்தனிக் கிளை. ஒவ்வொரு கிளையின் தொடக்கத்திலும், பழைய வீடானால் வெள்ளைப் பீங்கானாலான பியூஸ் கட்டையும், புதிய வீடானால் எம்.சி.பி. என்ற சிறு சுவிட்சும் காவல் இருக்கின்றன.

மிக்சியையும் பிரிட்ஜையும் காப்பதே இவற்றின் கடமை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இவை முதன்மையாகக் காப்பது, சுவருக்குள் புதைந்திருக்கும் செம்புக் கம்பியையும் அதைப் போர்த்திய பி.வி.சி. உறையையுமே. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் பிறக்கும் உஷ்ணம் நான்கு மடங்காகும் என்பது 1840களில் ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி நிலைநாட்டிய விதி. நம் வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவும், 2000 வாட் கீசர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியரும் இழுக்கின்றன. விளக்குகளுக்காகப் போட்ட மெல்லிய கம்பியில் இத்தகைய சாதனங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டே போனால், சாதாரணமாக 70 டிகிரி வரையில்தான் தாங்கும் உறை இளகி, கருகி, முடிவில் தீக்கே காரணமாகலாம்.

அந்த அபாயம் நேருமுன் தானே உருகி அறுந்துபோக வேண்டும் என்பதற்காகவே, மின்பாதையின் மிகப் பலவீனமான கண்ணியாக, வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்று பியூஸ் கட்டையில் கட்டப்படுகிறது. எடிசன் இதற்கான கட்டையொன்றுக்கு 1890இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பியூஸ் போன கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால், நடந்தது என்ன என்பதையும் ஓரளவு அறியலாம்: பீங்கான் வெள்ளையாகவே இருந்து, கம்பி மட்டும் நடுவில் அற்றுத் தொங்கினால், அது பெரும்பாலும் பளு மிகுந்ததன் விளைவு; கம்பியே மறைந்து, பீங்கானில் கரும்புகை படிந்து, உருகிய செம்பு மணி மணியாக ஒட்டியிருந்தால், எங்கோ ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கிறது. காரணத்தைக் கண்டறியாமல் மறுபடியும் கம்பி கட்டுவதால் பிரயோஜனமில்லை.

'ஆபத்துக்குப் பாவமில்லை' என்று, கைக்குக் கிடைத்த வயரைச் சீவி, நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இனி பியூஸ் போகாது என்பது மெய்தான். ஆனால் கட்டையிலிருக்கும் கம்பி சுவருக்குள் இருப்பதைவிட உறுதியாகிவிட்டபடியால், இனி உருக வேண்டியது சுவருக்குள் இருப்பதே. இதைவிடப் பெரிய அநீதியை ஒரு வீட்டுக்கு நாம் இழைக்க இயலாது என்றே கருதுகிறேன்.

இந்தக் குறையை எம்.சி.பி. பெரும்பாலும் நீக்கியது. அதனுள் இரண்டு காவலர்கள் இருக்கின்றனர். இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, பளு நீடித்தால் சூடேறி, மெல்ல வளைந்து, விசையை விடுவிக்கிறது. ஷார்ட் சர்க்யூட்டின்போது காத்திருக்க நேரமில்லையாதலால், கம்பிச்சுருளாலான மின்காந்தம் அதே விசையைக் கணப்பொழுதில் தட்டிவிடுகிறது. அப்போது அதன் நெம்பை விரலால் மேலே பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே இணைப்பு அறுந்துவிடும்படி அதை அமைத்திருப்பது மிகவும் போற்றத்தக்க யுக்தி.

இவ்வளவு இருந்தும், மனிதனின் உயிருக்கு இவை போதுமான காவல் அல்ல. ஒருவர் உடல் வழியாக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இருதயம் நின்றுவிடக்கூடும். அவ்வளவு சொற்பமான ஓட்டத்தை 5 ஆம்பியர் பியூஸ் பொருட்படுத்துவதே இல்லை. ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் இதற்காகவே வந்தது. பேஸ், நியூட்ரல் இரண்டும் அதிலுள்ள ஒரே காந்த வளையத்தினூடே செல்கின்றன. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வரும்வரையில் அவற்றின் காந்த சக்திகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஒரு பகுதி யாருடைய உடல் வழியாகவோ தரைக்குக் கசிந்துவிட்டால் சமநிலை குலைந்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள்ளாகவே இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே தொட்டவரை மட்டும், தரைக்குக் கசிவு இல்லாதபடியால், இது அறியாது. இதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்து, சுவிட்ச் கீழே விழாவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதன்மேல் கோபித்துக் கழற்றி எறிவோரும் உண்டு. அதற்கு மாறாக, எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு கிளைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தால், எந்தக் கிளையில் அது மறுபடி விழுகிறதோ அங்கேதான் பெரும்பாலும் கசிவு இருக்கும். அந்தக் கிளையின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மீண்டும் பார்த்தால், குற்றம் கீசரிலா, ஈரம் இறங்கிய மொட்டைமாடி விளக்கிலா, சுவருக்குள்ளேயேவா என்பதை எலெக்ட்ரீஷியனுக்குத் தெளிவாகச் சொல்லலாம்.