கணக்கில் வராத கைவண்டி

"கடைத்தெருவை ஒருவழிப் பாதையாக்கப் போகிறார்களாம்", "பகலில் லாரி நுழையக் கூடாதாம்" என்ற செய்தி வந்த பிறகுதான் நாம் விழித்துக்கொள்கிறோம். மனு, தூதுக்குழு, கடையடைப்பு என்று ஓடுகிறோம். ஆனால் அந்த முடிவு அறிவிப்புப் பலகையில் ஏறுவதற்கு முன்பே வரைபடத்தில் உருவாகிவிடுகிறது. அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும்.

புள்ளியும் கோடும்

போக்குவரத்துத் திட்டமிடுவோர் சாலைச் சந்திப்பை ஒரு புள்ளியாகவும், இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலையை ஒரு கோடாகவும் கொள்கிறார்கள். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பயணம் புறப்படும், எங்கே போய்ச் சேரும், எந்த வாகனத்தில், எந்தச் சாலை வழியாக என்று நான்கு படிகளில் கணக்கிடுகிறார்கள்.

எல்லாத் தெருவையும் சேர்த்தால் வேலை பெருகும். ஆகவே சந்துகளை விட்டுவிடுகிறார்கள். அருகருகே உள்ள சந்திப்புகளை ஒன்றாக்குகிறார்கள். இதில் தவறில்லை. நாமும் சில்லறைச் செலவுகளைப் பேரேட்டில் ஒரே தலைப்பில் எழுதுகிறோம் அல்லவா? ஆனால் விடப்பட்டது நமது மூட்டை இறங்கும் சந்தாக இருந்தால், அங்கே லாரி நிற்க இடம் வேண்டும் என்ற தேவையும் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

வண்டிக்கு என்ன மதிப்பு?

இந்திய சாலைகள் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியில் ஒரு காருக்கு மதிப்பு 1. இருசக்கர வாகனத்துக்கு 0.5 முதல் 0.75. லாரிக்கும் பஸ்ஸுக்கும் 2.2 முதல் 3.7. கைவண்டிக்கு 2 முதல் 3. அதாவது ஒரு கைவண்டி இரண்டு, மூன்று கார்களின் இடத்தை அடைக்கிறது என்பது கணக்கு. அதில் எத்தனை மூட்டை வருகிறது, அதை நம்பி எத்தனை கடை திறந்திருக்கிறது என்பது இந்த எண்ணில் இல்லை. எனவே கைவண்டியை விலக்கினால் தாளில் லாபம்தான் தெரியும்.

புதிய சாலை எப்போதும் நன்மையா?

ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிச் பிரேஸ் 1968-ல் ஒரு விந்தையைக் காட்டினார். ஓர் உதாரணம் பாருங்கள். 4,000 வண்டிகள், இரண்டு வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஓர் அகலப் பகுதி, ஒரு குறுகிய பகுதி. குறுகியது ஒன்றில் முதலிலும் மற்றதில் கடைசியிலும் வருகிறது. அகலப் பகுதிக்கு எப்போதும் 45 நிமிடம். குறுகியதில் 100 வண்டிக்கு ஒரு நிமிடம். வண்டிகள் சரிபாதியாகப் பிரிந்தால் 20-ம் 45-ம் சேர்ந்து 65 நிமிடம். இரு குறுகிய பகுதிகளையும் ஒரு குறுக்குச் சாலையால் இணைத்தால், 45 நிமிடத்தைத் தவிர்க்க எல்லோரும் அதில் திரும்புவார்கள். 40-ம் 40-ம் சேர்ந்து 80 நிமிடம்! குறுக்குச் சாலையைக் கடக்க நேரமே ஆகாவிட்டாலும் இதுதான் கதி.

தென்கொரியாவின் சியோல் நகரில் சோங்கேசோன் ஓடையின் மேலிருந்த உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையைத் திறந்தார்கள். இடையே 2004-ல் பஸ் சேவையைச் சீரமைத்தார்கள். அஞ்சிய அளவுக்கு நகரம் திணறவில்லை. ஆனால் அங்கிருந்த வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகர நிர்வாகம் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

நம் ஊரிலேயே, கொத்தவால்சாவடியின் காய்கனி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியது. ஜார்ஜ் டவுன் நெரிசல் குறைவது ஒரு கணக்கு. அந்தப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் நாள்தோறும் கூடுதலாகக் கொடுக்கும் வண்டி வாடகை இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

நாம் செய்ய வேண்டியது

ஒரு வாரம் நம் தெருவில் மணிவாரியாக லாரி, மினி லாரி, கைவண்டிகளை எண்ணுவோம். எங்கே நிற்கின்றன, சரக்கு இறக்க எத்தனை நிமிடம் என்று குறிப்போம். கணக்கெடுக்க வருவோரிடம், எந்த நேரத்தில் எண்ணினீர்கள் என்று கேட்போம். அலுவலக நேரத்தில் மட்டும் எண்ணினால் விடியற்காலைச் சரக்கு தெரியாது. வரைபடத்தைக் கேட்டு வாங்கி, விடுபட்ட சந்துகளைக் குறித்துக் கொடுப்போம். ஆட்சேபங்களைக் கேட்டு அறிவிப்பு வந்தால், கெடு முடிவதற்குள் எழுத்து மூலம் இந்த எண்களோடு மனுச் செய்வோம். எந்த மாற்றத்தையும் முதலில் சில வாரங்கள் சோதித்துப் பார்க்கும்படி கோருவோம்.

வெறும் எதிர்ப்பை அதிகாரிகள் ஒதுக்கிவிடலாம். தேதியும் எண்ணும் உள்ள மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கிளைச் சங்கமும் இந்தப் பதிவேட்டை இப்போதே தொடங்கட்டும்.