டிரெட்மில்லில் 'பாஸ்' ஆனவர் 45-வது நாளில் பலி! ஓட வைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

பட்டினச்சேரி–

"கடல்ல வலை இழுக்கிற ஒடம்பு. இதுக்குப் போயி ஹார்ட் அட்டாக்கா?"

காரைக்காலை அடுத்த பட்டினச்சேரி மீனவர் தெருவில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். அதில் நியாயமும் இருக்கிறது. உடம்பை உழைக்க வைத்து இதயத்தின் குட்டை வெளிப்படுத்துவதுதானே டிரெட்மில் சோதனையும்!

மார்பில் வயர்களை ஒட்டி, ஓடும் பெல்ட் மீது ஏற்றி விடுகிறார்கள். மணிக்கு 2.7 கிலோ மீட்டர் வேகத்தில் மெல்லத்தான் கிளம்பும். 3 நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் கூடும், மேடும் கூடும். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த முறை இது. 220-ல் வயதைக் கழித்தால் வருவது இதயத்தின் உச்ச துடிப்பு. அதில் 85 சதவீதத்தையாவது தொட வேண்டும். 50 வயதுக்காரருக்கு சுமார் 145.

ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும், சும்மா படுத்திருக்கும்போது இ.சி.ஜி. நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஓட விட்டால் ரத்தம் போதாமல் கோடு கீழே இறங்கும். எத்தனை நிமிடம் தாங்கினார், கோடு எத்தனை மில்லி மீட்டர் இறங்கியது, நெஞ்சு வலித்ததா? மூன்றையும் கூட்டிக் கழித்து 'மார்க்' போடுகிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1987-ல் வெளியிட்ட கணக்கு. பிளஸ் 5-ம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து குறைவு. மைனஸ் 11-ம் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து அதிகம். பெரும்பாலும் அடுத்தது ஆஞ்சியோகிராம்தான்.

'பாஸ்' ஆகிவிட்டால் கவலையே இல்லையா?

அமெரிக்க டி.வி. செய்தியாளர் டிம் ரஸ்ஸர்ட். வயது 58. இதய நோய் இருப்பது தெரிந்து மருந்து சாப்பிட்டு வந்தவர். 2008 ஏப்ரல் 29-ந் தேதி நடந்த சோதனையில் 'நார்மல்' என்று வந்தது. ஜூன் 13-ந் தேதி ஆபீசிலேயே சுருண்டு விழுந்து இறந்தார். ரத்தக்குழாயில் படிந்திருந்த கொழுப்பு வெடித்து, ரத்தம் உறைந்து அடைத்துக் கொண்டது பிரேத பரிசோதனையில் தெரிந்தது.

மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. ரத்த ஓட்டத்தையே மறிக்கிற பெரிய அடைப்பைத்தான் அது காட்டும். சின்னப் படிவு திடீரென்று வெடிக்கப் போவதை அதனால் சொல்ல முடியாது. பெண்களுக்கு இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. அதனால்தான் பி.பி., சர்க்கரை, கொழுப்பு, பீடிப் பழக்கம் எல்லாவற்றையும் டாக்டர் சேர்த்து விசாரிக்கிறார்.

இப்பவே நெஞ்சு அழுத்துது, வேர்த்துக் கொட்டுதுன்னா டிரெட்மில் பக்கமே போகக்கூடாது. 'வாயு'ன்னு சோடா குடிச்சிட்டு படகு ஏறவும் கூடாது. 108-க்கு போன் போட்டு, நேரே ஆஸ்பத்திரிதான்.