அசைபடக் கலைஞரை உருவாக்கும் பயிற்சி எது?

மலாக்கா மாநிலச் சின்னத்தைக் கூர்ந்து நோக்குவோர், மலாக்கா மரத்தின் இருபுறமும் இரண்டு சருகுமான்கள் நிற்பதைக் காண்பர். பரமேசுவரனின் வேட்டை நாயை ஒரு சிறு சருகுமான் உதைத்துத் தள்ளிற்று என்றும், அதன் துணிவைக் கண்டு வியந்த மன்னன் அவ்விடத்திலேயே நகரம் அமைத்தான் என்றும் வழங்கும் பழங்கதை இந்நாட்டுப் பிள்ளைகள் அறிந்ததே. மலேசியாவின் முதல் அசைபடமும் ஒரு சருகுமானைப் பற்றியது என்பதைப் பலர் அறியார். பிலெம் நெகாரா நிறுவனத்தில் பணிபுரிந்த ஆனந்தம் சேவியர் 1978ஆம் ஆண்டில் உருவாக்கிய 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்' என்னும் குறும்படமே அது. 1983இல் அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று.

அனிமேஷன் எனப்படும் அசைபடக் கலை அதன்பின் இந்நாட்டில் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. 2007இல் நோன்பு மாதத்தையொட்டி ஆறு பகுதிகளாகத் தொடங்கிய 'உப்பின் இப்பின்' இன்று வீடுதோறும் அறிமுகம். அதை உருவாக்கிய இளைஞருள் நிசாம் ரசாக் உள்ளிட்ட மூவர் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். 1996இல் மலாக்காவில் டெலிகோம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியதே அக்கல்விக்கூடம். அவர்களுள் நிசாம் ரசாக் பின்னர் வேறொரு நிறுவனத்தைத் தோற்றுவித்து, 2011இல் 'போபோய்போய்' தொடரை வெளியிட்டார். பயிற்சி பெற்ற சிலர் ஒரு தொழிலையே தோற்றுவிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும், தோட்டப்புறத்திலும் சிற்றூர்களிலும் பெற்றோரிடையே இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. 'படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?' என்பது பழைய எண்ணம். 'கணினி வகுப்பில் ஆறு மாதம் சேர்த்துவிட்டால் பிள்ளை அசைபடக் கலைஞன் ஆகிவிடுவான்' என்பது புதிய எண்ணம். இரண்டும் தவறே, பின்னது பணத்தையும் காலத்தையும் சேர்த்து விழுங்குவதால் கேடு மிக்கது. மென்பொருள்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. கூர்ந்து நோக்கும் கண், வரையும் கை, கணக்கு, கதை சொல்லும் ஆற்றல் ஆகிய நான்கும் மாறுவதில்லை. பயிற்சி எனத் தக்கது இந்நான்கையும் வளர்ப்பதே.

பந்து கற்பிக்கும் பாடம்

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள். கையால் வரையும் முறையில் ஓர் ஓவியத்தை இரண்டு படங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். அப்பொழுதும் நிமிடத்திற்கு 720 ஓவியங்கள் வேண்டும். அடுத்தடுத்த ஓவியங்களில் காணும் சிறு வேறுபாட்டை நம் கண்ணும் மூளையும் சேர்ந்து ஓர் அசைவாக உணர்கின்றன.

இக்கலை பயில்வோருக்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் முதற்பாடம், துள்ளும் பந்து. எளிது போல் தோன்றும் இப்பாடத்தில் பெளதிகமும் கலையும் ஒருங்கே அடங்கியுள்ளன. கீழே விழும் பந்து, சம கால இடைவெளிகளில் சம தூரம் கடப்பதில்லை. முதல் இடைவெளியில் ஒரு பங்கு தூரம் விழுந்தால், அடுத்ததில் மூன்று பங்கு, அதற்கடுத்து ஐந்து, பின்னர் ஏழு என அத்தூரம் கூடிக்கொண்டே போகும். கலிலியோ கண்ட உண்மை இது. பந்துகளைச் சம இடைவெளியில் வரைந்தால், அவை விழுவதாகத் தோன்றா. கயிற்றில் கட்டி இறக்கியது போலவே தோன்றும்.

இனி, ரப்பர்ப் பந்தாயின் தரையைத் தொடும்போது சற்றே தட்டையாகி, மீண்டும் எழும். இரும்புக் குண்டாயின் நசுங்காது, எழும்பவும் எழும்பாது. வடிவம் ஒன்றே, அசைவின் வேறுபாட்டால் மட்டுமே இது ரப்பர், இது இரும்பு என்று பார்ப்பவர் அறிகிறார். இதை உணர்ந்த மாணவன் அசைபடத்தின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டான் எனலாம். இதற்குக் கணினியும் வேண்டியதில்லை. பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில் இருபத்து நான்கு தாள்களில் பந்தை வரைந்து, தாள்களை விரலால் விரைந்து புரட்டினாலே பந்து துள்ளும்.

பலர் கூடிச் செய்யும் தொழில்

கணினி அசைபடம் பல படிகளைக் கடந்து வருவது. முதலில் கதை எழுதப்படுகிறது. பின்னர் அது கட்டங்கட்டமாகப் படங்களாக வரையப்படுகிறது. அடுத்து, பாத்திரத்தின் உருவம் கணினியில் களிமண் பொம்மை போல் வனையப்படுகிறது. அதனுள் எலும்புக்கூடும் மூட்டுகளும் பொருத்தப்படுகின்றன. அதன் பின்னரே அசைவு; இறுதியில் ஒளியும் நிழலும். ஒவ்வொரு படியிலும் தனித் தேர்ச்சி பெற்றோர் உளர். ஒருவர் பிழைத்தால் அடுத்தவர் வேலை நின்றுவிடும். ஆதலின் குறித்த நாளில் வேலையை முடிப்பதும், பிறர் கூறும் குறையைச் சினமின்றி ஏற்பதும் பயிற்சியின் பகுதிகளே.

கணினி விளையாட்டு இன்னும் கடினமானது. திரைப்படத்தின் ஒரு படத்தைக் கணினி பல மணி நேரம் எடுத்துக்கொண்டு தீட்டலாம். விளையாட்டிலோ, ஆடுபவர் பொத்தானை அழுத்திய மறுகணமே அதற்கேற்ற படம் தோன்றவேண்டும். பல விளையாட்டுகளில் வினாடிக்கு 60 படங்கள் அவ்வாறு உருவாகின்றன. இதற்குக் கலைஞரோடு கணிதமும் நிரல் எழுதுதலும் அறிந்தவர் தேவை. 'நான் கணக்கில் கெட்டி, வரைய வராது' என்னும் மாணவனுக்கும் இத்துறையில் இடமுண்டு. ஜாசினுக்கு அதிகத் தொலைவில் இல்லாத டுரியான் துங்காலில் அமைந்த மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி விளையாட்டுத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தைக் கைவிட்டவருக்கு இத்தகைய கதவுகள் திறப்பது அரிது. படைப்புத் துறைப் படிப்புகள் பலவற்றிற்கு மாணவர் தாமே செய்த ஓவியங்களின் தொகுப்பும் கேட்கப்படுகிறது. அதை ஓர் இரவில் தயாரிக்க இயலாது. படிவம் ஒன்றிலிருந்தே சேர்த்து வருவது அறிவுடைமை.

கருவி விலையுயர்ந்தது என்னும் தடையும் இன்று பெரிதும் நீங்கிவிட்டது. பிளெண்டர் என்னும் மென்பொருள் யாவர்க்கும் இலவசம். இருபது இலட்சம் மக்களும் இல்லாத லாத்வியா நாட்டில், அதே மென்பொருளைக் கொண்டு சிறு குழுவினர் உருவாக்கிய 'ஃப்ளோ' என்னும் படம் 2025இல் சிறந்த அசைபடத்திற்கான ஆஸ்கார் விருதை வென்றது.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

இத்துறையில் நிலையாமையும் உண்டு. புதுச்சேரிச் சிறுவன் ஒருவனின் கதையான 'லைஃப் ஆப் பை' படத்தின் புலியைக் கணினியில் உயிர்ப்பித்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திற்கு மலேசியாவிலும் கிளை இருந்தது. அப்படம் 2013 பிப்ரவரியில் காட்சி நுட்பத்திற்கான ஆஸ்கார் விருது பெற்றது. அதே மாதத்தில், விருது கைக்கு வருமுன்பே, நிறுவனம் நொடிப்புக்கு விண்ணப்பித்திருந்தது. இப்பொழுது செயற்கை நுண்ணறிவு, சொன்ன மாத்திரத்தில் படம் வரைந்து தருகிறது. ஒரே மென்பொருளில் ஒரே வேலையை மட்டும் கற்றவர்க்கே இம்மாற்றங்களால் பேரிடர். வந்த படத்தில் கனம் இருக்கிறதா, கால அளவு சரியா என்று தீர்ப்புச் சொல்லும் கண் உடையவர் வேறொரு கருவிக்கு மாறிக்கொள்வார்.

அந்தக் கண்ணை வளர்க்கத் தோட்டப்புறம் ஏற்ற இடம். பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த மணிக்கட்டு எவ்வாறு திரும்புகிறது, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் சுமப்பவர் எவ்வாறு அடியெடுத்து வைக்கிறார், செம்பனைக் குலை விழும்போது தரை எவ்வாறு அதிர்கிறது என்பவற்றை நேரில் கண்ட பிள்ளைக்கு, அவ்வசைவுகள் பாடநூலின்றியே பாடமாகும். 'உப்பின் இப்பின்' கிராமத்தில் ராஜூ என்னும் இந்தியச் சிறுவனும் உண்டு. அத்தகைய பாத்திரம் எப்படி நடக்கவேண்டும், எப்படிப் பேசவேண்டும் என்பதை அவ்வாழ்க்கையில் வளர்ந்தவரே நன்கு அறிவர். அவர்கள் அத்துறையில் இல்லாவிடின், அவர்களுடைய கதையைப் பிறரே எழுத நேரிடும்.

ஆதலால், பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரையும் மாணவனைக் கண்டால் கடிந்து தாளைக் கிழித்தல் வேண்டா. 'அடுத்த தாளில் இந்தப் பந்து எங்கே இருக்கும்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கணக்கும் கலையும் அக்கேள்வியிலேயே தொடங்கிவிடுகின்றன.