வேலையின்மைக் காலத்தில் இடைநிலைக் கல்வி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் வேலைக்குக் காத்திருக்கிறார்; எட்டாம் வகுப்போடு நின்றவரோ நாள்தோறும் கூலி ஈட்டுகிறார். அப்படியாயின் பிள்ளையை மேலும் நான்காண்டுகள் பள்ளிக்கு அனுப்புவதால் என்ன பயன்? நம் சிற்றூர்களில் இவ்வினாவை எழுப்பாத பெற்றோர் குறைவு. இது அறியாமையில் பிறந்த வினா அன்று. கண்முன் காண்பதிலிருந்து எழுவது. எனவே இதற்கு அறிவுரையாக அன்றி, ஆய்ந்தறிந்த விடையாகவே நாம் மறுமொழி கூற வேண்டும்.

புள்ளிவிவரங்களும் மேலோட்டமாகப் பார்த்தால் பெற்றோர் பக்கமே நிற்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டம் பெற்ற இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுத்தறிவு இல்லாத இளைஞரிடையே 3.4 விழுக்காடு மட்டுமே. ஆனால் இவ்வெண்கள் சொல்லும் செய்தி வேறு. வேலை தேடியும் கிடைக்காதவரே வேலையற்றோர் என்று கணக்கிடப்படுகிறார். கல்லாத ஏழைக்குக் காத்திருக்க வசதி இல்லை. எவ்வளவு குறைந்த கூலியாயினும் கிடைத்த வேலையை அவர் ஏற்றாக வேண்டும். ஆகவே அவர் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவர் பெற்றது நல்வேலை என்பது இதன் பொருளன்று.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாமலை எடுத்துக்கொள்வோம். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையோரம் பேரேரி ஒன்றைக் கொண்ட ஊர் அது. அப்பகுதி இளைஞருக்குப் பிழைப்பின் வழிகள் பெரும்பாலும் மூன்று: ஏரிப்பாசன வேளாண்மை, காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி, அதே நெடுஞ்சாலையில் கிழக்கே அமைந்த திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகள். முதல் இரண்டும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் ஏரி நிரம்புவது மழையைப் பொறுத்தது, தறியோ வணிகரின் தேவையைப் பொறுத்தது. மூன்றாவது வழியின் வாயிலில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்பயிற்சிச் சான்றிதழ் என்பவையே திறவுகோல்கள்.

அத்திறவுகோலும் எல்லாக் காலத்துக்கும் போதுவதில்லை என்பதை நோக்கியா ஆலை உணர்த்திற்று. 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய அந்நிறுவனம், மேல்நிலைக் கல்வி முடித்த கிராமத்து இளம்பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தியது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அவர்களைப் பணிக்குள் கொண்டுசென்றது பள்ளிச் சான்றிதழ். ஆனால் ஆலை மூடிய பின் மற்றொரு தொழிலைக் கற்கவும், இழப்பீட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், மேற்படிப்பைத் தொடரவும் துணைநிற்பது சான்றிதழ் அன்று; அதன் பின்னால் உள்ள கல்வியே. இடைநிலைக் கல்வியின் மெய்யான மதிப்பு முதல் வேலையில் மட்டுமன்று, இரண்டாம் வேலையிலும் இருக்கிறது.

கல்வி பெருகினால் வேலை தானே பெருகும் என்று நாம் கூற வரவில்லை. 1945இல் இலவசக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிய இலங்கை, 1971இல் படித்த இளைஞரின் கிளர்ச்சியைக் கண்டது. அவ்வாண்டு அங்குச் சென்ற டட்லி சீயர்ஸ் தலைமையிலான பன்னாட்டுக் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருந்த வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டிற்று. வேலைகளை உருவாக்கும் கடமை அரசுக்கும் பொருளாதாரத்துக்கும் உரியது; அதைப் பள்ளியின் தலையில் சுமத்தலாகாது. ஆனால் வேலை குறைந்த காலத்தில், தேர்வு செய்வோர் தகுதியை உயர்த்திக்கொண்டே போகின்றனர். அப்போது முதலில் தள்ளப்படுபவர் தகுதி குறைந்தவரே. மேலும், நல்வேலை இல்லாத காலத்தில் பள்ளியில் இருப்பதால் இழக்கும் ஊதியமும் சிறிதே.

வளைகுடா நாடுகளை நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லப் பொதுவாகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். தேறியவருக்கு அது வேண்டியதில்லை. எளியவரைக் காக்கவே அவ்விதி. எனினும் அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்பும் தரகரிடம் சிக்குவோர் படிப்பை இடைநிறுத்தியவரே. ஒப்பந்தத்தைத் தாமே வாசிக்க இயலாதவரின் உழைப்பை ஏய்ப்பது எளிது.

அதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, ஊர்ச்சபைக் குழுக்களுக்குக் குடவோலை முறையில் தெரிவு செய்யப்படுவோருக்குக் கால்வேலி நிலத்தைத் தகுதியாக வைத்தது. வேதமொன்றும் பாடியமொன்றும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்றது. அது பிராமணர் சபை; அதன் வாயில் எல்லார்க்கும் திறந்ததன்று. எனினும் சொத்தின் குறையைக் கல்வி ஈடுசெய்யும் என்னும் கருத்து அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நமக்கோ அதனினும் உயர்ந்த முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) நிகழ்ந்த பத்ருப் போருக்குப்பின், மீட்புத்தொகை செலுத்த இயலாத, எழுதத் தெரிந்த கைதிகள் மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை பெறலாம் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். அன்றைய மதீனா செல்வத்தில் திளைக்கவில்லை. வீடும் வணிகமும் துறந்து வந்த முஹாஜிர்கள் வறுமையில் இருந்தனர். அந்நிலையிலும் பொருளுக்கு ஈடாகக் கல்வி ஏற்கப்பட்டது. வசதி வந்தபின் கற்கலாம் என்று அந்தச் சமுதாயம் காத்திருக்கவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 14 வயது வரையே கட்டாய இலவசக் கல்விக்கு உறுதியளிக்கிறது. எட்டாம் வகுப்புக்குப் பின்னுள்ள நான்காண்டுகளே பிள்ளைகள் நழுவும் பள்ளம். தமிழக அரசு 2022இல் மாணவியர்க்கும் 2024இல் மாணவர்க்கும் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் உதவித் திட்டங்களும் மேல்நிலைக் கல்வியைக் கடந்து உயர்கல்வியில் சேர்ந்தவரையே சென்றடைந்தன. ஆகவே அப்பள்ளத்தைக் கடக்கும் பாலத்தை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் அமைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று. இடைநிற்கும் நிலையில் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு ஸகாத், ஸதகா நிதியிலிருந்து உதவி. மாலையில் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரு வகுப்பு. இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை, உறுதியே தேவை. வேலை எப்போது வரும் என்பதை நாம் அறியோம். அது வரும்போது நம் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.